வேர்க்கும் கூரை
(சாய்வு குறைந்த கூரைகளில் வெப்பம், ஈரம், காற்று)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள. வீடு கட்டினவனுக்குக் கஷ்டம் கூரை போட்டதோடு முடிந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது கூரையில்தான் ஆரம்பிக்கிறது. அஸ்திவாரம் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. சுவர் நிழலில் நிற்கிறது. கூரை ஒன்றுதான் பகலெல்லாம் வெயிலையும், மழைக்காலமெல்லாம் மழையையும், இரவெல்லாம் பனியையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

நான் பொறியாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து, ஆரணி அரிசி வாங்கி விற்கிற வியாபாரி. கூரையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கூரையைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நஷ்டப்பட்டவன், ஓர் ஏழைத் தொழிலாளி மீது வீண்பழி போட்டவன் என்ற தகுதிதான். அந்தத் தவறு உறுத்தியதால் புத்தகங்களைத் தேடிப் படித்தேன், கட்டட வேலை தெரிந்தவர்களிடம் கேட்டேன், கையில் ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு நானே பார்த்தேன். அதையெல்லாம் நம் மக்களுக்கு உபயோகப்படும்படி இங்கே தருகிறேன்.

மழையில்லாமல் ஒழுகிய கூரை

எங்கள் கிடங்கு நாற்பதடிக்கு அறுபதடி. வெகுகாலம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தது. 2012-ஆம் ஆண்டு அதை எடுத்துவிட்டு, இப்போது எல்லோரும் போடுகிற கலர் ஷீட் போட்டோம். சாய்வு மிகக் குறைவு. பத்தடிக்கு ஒரு அடி இறங்கும், அவ்வளவுதான். வேலை முடிந்தது செப்டம்பரில். அக்டோபர் மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டிசம்பர் வந்தது. ஒரு நாள் விடியற்காலை ஷட்டரைத் தூக்கினால், மேலடுக்கு மூட்டைகள் எல்லாம் நனைந்திருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால், ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். இரும்புச் சட்டம் ஓடுகிற இடத்தில் எல்லாம் வரிசையாகச் சொட்டுகிறது. ஷீட் போட்ட தம்பியைக் கூப்பிட்டு விட்டேன். தருமபுரிப் பக்கத்துப் பையன். வந்து பார்த்தான், மேலே ஏறி ஒவ்வொரு ஸ்குருவாகச் சோதித்தான். இறங்கி வந்து, "மொதலாளி, பத்து நாளா மழையே இல்லையே, எப்படி ஒழுகும்? இது ஷீட் வேர்க்குது மொதலாளி" என்றான்.

எனக்குக் கோபம். "மாடுதான் வேர்க்கும், மனுஷன்தான் வேர்ப்பான், தகரம் எங்கேடா வேர்க்கும்? ஒழுக்கை அடைச்சுக் குடுத்துட்டு பாக்கியை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவனுக்குத் தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரம் ரூபாய். அவன் இரண்டு முறை வந்து கேட்டான். அப்புறம் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நாற்பது மூட்டை பூஞ்சணம் பிடித்து வீணாயிற்று. அரிசியில் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்குள் இருந்தால்தான் தாங்கும். மேலே போனால் முதலில் வாடை, பிறகு கட்டி, பிறகு பூஞ்சணம்.

காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

அந்தத் தம்பி சொன்னதுதான் சரி. குளிர்ந்த மோரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தால், டம்ளரின் வெளிப்பக்கம் நீர் துளிர்க்கிறது. டம்ளர் ஓட்டையா? இல்லை. அந்த நீர் மோரிலிருந்து வந்ததும் இல்லை. சுற்றியிருக்கிற காற்றிலிருந்து வந்தது.

காற்று தன்னுள் நீராவியை வைத்துக்கொள்ளும். சூடு அதிகமானால் அதிகம் வைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் கைவிடும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே ஈரக்காற்று குளிர்ந்துகொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் 'இதற்கு மேல் என்னால் சுமக்க முடியாது' என்று நீரைக் கீழே போட்டுவிடும். அந்தக் கட்டத்து வெப்பநிலையைப் பனிநிலை என்கிறார்கள். பனிநிலையைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் மீது அந்தக் காற்று பட்டாலும் அங்கே நீர் துளிர்க்கும். அது டம்ளராக இருந்தாலும் சரி, தகரமாக இருந்தாலும் சரி.

எங்கள் கிடங்கின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உயரம் சராசரி பதினைந்தடி. உள்ளே சுமார் ஆயிரம் கன மீட்டர் காற்று. டிசம்பர் இரவில் கன மீட்டருக்கு 12 கிராம் என்று வைத்தாலும், கிடங்குக் காற்றிலேயே பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. அரிசி தன் ஈரத்தை விடுகிறது, ஆட்கள் மூச்சு விடுகிறார்கள், மாலையில் தரையைக் கழுவுகிறோம். பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போகிறோம்.

தகரம் ஏன் காற்றைவிடக் குளிர்கிறது?

இங்கே ஒரு சந்தேகம் வரும். வெளிக்காற்று 16 டிகிரி இருந்தால் தகரமும் 16 டிகிரிதானே இருக்கவேண்டும்?

அப்படியில்லை. மேகமில்லாத இரவில் கூரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தன் சூட்டைக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானம் திருப்பித் தருவது குறைவு. அதனால் கூரை சுற்றுக்காற்றைவிடச் சில டிகிரி கீழே இறங்கிவிடும். திறந்த வெளியில் நிறுத்திய காரின் மேற்கூரை காலையில் நனைந்திருப்பதும், மரத்தடியில் நிறுத்திய கார் காய்ந்திருப்பதும் இதனால்தான். மரம் நடுவில் நின்று வானத்தை மறைக்கிறது.

கலர் ஷீட்டின் கனம் அரை மில்லி மீட்டர்தான். சூட்டைச் சேர்த்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. பகலில் தோசைக்கல், விடியற்காலையில் பனிக்கட்டி. இன்னொரு விசேஷம்: புதிதாகப் பளபளக்கிற துத்தநாகத் தகரம் கதிராகச் சூட்டை விடுவதில் மந்தம், வண்ணம் பூசிய ஷீட்டோ, எந்த நிறமானாலும், தாராளமாக விடும். ஆகவே நிறம் பூசிய ஷீட் இரவில் அதிகம் குளிரும், அதிகம் வேர்க்கும். வெள்ளை ஷீட் பகலில் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் இரவு வேர்வைக்கு அது மருந்தாகாது.

அப்படியானால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஏன் சொட்டவில்லை? அதுவும் குளிர்ந்தது, அதன் மேலும் ஈரம் படிந்தது. ஆனால் அது நீரைக் கொஞ்சம் குடித்து வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் வெளியே விட்டுவிட்டது. நாட்டு ஓடும் கீற்றும் அப்படியே. தகரத்துக்குக் குடிக்கத் தெரியாது. (ஆஸ்பெஸ்டாஸ் நல்லது என்று சொல்ல வரவில்லை, அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.)

பழைய கூரைகளில் இருந்த யோசனை

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்திலும், புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசலிலும் எங்கள் சமண முனிவர்கள் தங்கிய குகைகளைப் பார்த்திருப்பீர்கள். கற்படுக்கைகளையும் தமிழி எழுத்துக்களையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை போனால் அண்ணாந்து பாருங்கள். இப்படிப்பட்ட குகைகளில் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறை மீது வழிகிற மழைநீர் உட்புறமாக ஊர்ந்து படுக்கைக்கு வராமல், அந்த விளிம்பிலேயே அறுபட்டு வெளியே விழும். முனிவர்கள் மழைக்கால நான்கு மாதமும் ஓரிடத்திலேயே தங்கவேண்டும் என்பது விதி. நான்கு மாதம் தங்குகிற இடத்தில் ஈரம் இருக்கலாகாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் காடிதான் இன்று சன்ஷேடின் அடியில் கொத்தனார் போடுகிற நீர்வடிப் பள்ளம்.

பெங்களூருக்கு வருவோம். 1898-இல் பிளேக் நோய்க்குப் பிறகு வளர்ந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளில் இன்னும் சில மங்களூர் ஓட்டு வீடுகள் மிச்சம் இருக்கின்றன. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அந்த ஓட்டுக் கூரை நல்ல செங்குத்தான சாய்வு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஆயிரம் சந்து. சூடான காற்று உச்சிக்கு ஏறிச் சந்து வழியே தானாகப் போய்விடும். கீழே ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த உயரமே விசிறி.

தமிழ்நாட்டில் தட்டையான கூரைக்குக் கண்ட வழி மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மட்டப்பா. தேக்கங்கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்காகத் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. இந்தத் தளத்தில் காற்றுக்குச் சந்து கிடையாது. ஆனால் கனம் உண்டு. சுண்ணாம்புக்கு ஈரத்தை வாங்கி விடும் குணம் உண்டு. சில இடங்களில் மண் கலயங்களைக் கவிழ்த்து வைத்து மேலே சுண்ணாம்பு போடுவதும் உண்டு. கலயத்துக்குள் அகப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும்.

ஆக, செங்குத்தான கூரை காற்றால் பிழைத்தது. தட்டையான கூரை கனத்தாலும் சுண்ணாம்பாலும் பிழைத்தது. நாமோ தட்டையான கூரையை, கனமும் இல்லாமல், குடிக்கும் குணமும் இல்லாமல் தகரத்தில் போட்டுவிட்டு, ஓட்டு வீட்டுக்குச் சொன்ன காற்றோட்ட வைத்தியத்தை அதற்குப் பண்ணுகிறோம்.

நான் செய்த இரண்டு தவறுகள்

அந்த வைத்தியத்தை நானும் பண்ணினேன். 2013-இல் ஒருவர் சொன்னார் என்று கூரை மேல் உருண்டை உருண்டையாகச் சுற்றுகிற காற்றுப்போக்கிகள் நான்கு வைத்தேன். பகலில் விர்ரென்று சுற்றின. சூடு குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த டிசம்பரிலும் மூட்டை நனைந்தது. காரணம் இரண்டு.

ஒன்று, காற்று தானாக ஏறி இறங்க உயர வித்தியாசம் வேண்டும். உள்ளே நுழையும் துவாரத்துக்கும் வெளியேறும் துவாரத்துக்கும் பத்தடி உயரம் இருந்தால் ஓட்டம் இருக்கும். ஓரடி இருந்தால் ஓட்டம் பெயருக்குத்தான். காற்றே அசையாத விடியற்காலையில் உருண்டையும் நின்றுவிடும். இரண்டு, அந்த நேரத்தில் வெளிக்காற்றும் ஈரமானதுதான். அதன் பனிநிலை 14 டிகிரி, தகரம் 12 டிகிரி என்றால், எவ்வளவு காற்று உள்ளே விட்டாலும் அவ்வளவும் புதுத் தண்ணீர்தான். ஈரத்துணியைக் காயப்போட ஈரக்காற்றைத் தேடின கதை.

பிறகு இரண்டாவது தவறு. ஃபால்ஸ் சீலிங் அடித்து அதன் மேல் கண்ணாடிப் பஞ்சைப் பரப்பினேன். வெப்பத்தடுப்பு என்றால் நல்லதுதானே! மூன்றாவது மாதம் சீலிங் பலகை தொங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பஞ்சு முழுக்கத் தண்ணீர். என்ன நடந்தது? பஞ்சைக் கீழே போட்டதும் கிடங்குச் சூடு தகரத்துக்குப் போகவில்லை. போர்வைக்கு உள்ளே இருப்பவன் வெதுவெதுப்பாக இருப்பான். வெளியே இருப்பவன் முன்னைவிட நடுங்குவான். தகரம் முன்னைவிடக் குளிர்ந்தது. ஆனால் ஈரக்காற்றுக்குப் பஞ்சு ஒரு தடையே அல்ல. பலகை இடுக்கு வழியே புகுந்து, பஞ்சைத் தாண்டி, தகரத்தில் பட்டு, நீராகிப் பஞ்சின் மேலேயே விழுந்தது. நனைந்த பஞ்சு வெப்பத்தையும் தடுக்காது.

இதில் நான் முதல் ஏமாளி அல்ல. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய தட்டைக் கூரை வீடுகள் பலவற்றில், பலகைக்கு அடியில் பஞ்சு வைத்து மேலே காற்று இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடவில்லை; மரம் நனைந்து உளுத்தது. பிறகுதான் தடுப்புப் பலகையைத் தளத்துக்கு மேலே வைப்பது நல்லது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

காற்றோட்டம் எங்கே வேண்டும்?

இத்தனை படித்ததில் எனக்குக் கிடைத்த சாரம் ஒரே வரிதான். *சாய்வு குறைந்த கூரையில் காற்றோட்டம் கூரைக்கு மேலே இருக்கட்டும், அறைக்குள்ளே இருக்கட்டும். கூரையின் வயிற்றுக்குள் வேண்டாம்.*

கூரைக்கு மேலே என்றால்? நம் வீடுகளில் மொட்டை மாடி மேல் ஏழெட்டு அடி உயரத்தில், நாலு பக்கமும் திறந்தபடி ஷீட் போடுகிறோமே, அது உத்தமமான முறை. வெயில் ஷீட்டின் மேல் விழும், சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகும், தளம் நிழலில் இருக்கும். விடியற்காலையில் ஷீட் வேர்த்தாலும் மாடித் தளத்தில்தான் சொட்டும். சண்டிகரில் லெ கொர்பூசியே கட்டிய உயர்நீதிமன்றமும் இதே தத்துவம்தான்: கீழே ஒரு கூரை, மேலே குடை மாதிரி இன்னொரு கூரை, நடுவில் காற்று. ஆனால் அந்த ஷீட்டின் நாலு பக்கத்தையும் பிறகு அடைத்து ஓர் அறையாக்கி வாடகைக்கு விட்டால், அது என் கிடங்கு மாதிரி ஆகிவிடும். பெங்களூரில் இது அதிகம். அந்த அறையில் குடியிருக்கிற பையன்கள் பகலில் வேகிறார்கள், விடியற்காலையில் நனைகிறார்கள்.

அறைக்குள்ளே என்றால், சமையல் ஆவியையும் குளியலறை ஆவியையும் பிறந்த இடத்திலேயே சுவர் விசிறி வைத்து வெளியேற்றுவது. அந்த விசிறியின் குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அது கூடாது. நேராக வெளிச்சுவருக்குப் போகவேண்டும்.

சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை சென்னையில், ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அமெரிக்காவில். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மூன்றும் அவரவர் ஊருக்குச் சரி, மாற்றினால் தப்பு.

ஈரம் எப்போதும் சூடான ஈரப்பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே பனி. ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. ஆகவே உட்பக்கம் ஈரத்தடுப்பு, கூரைக்குள் காற்றோட்டம். அங்கே கூரையடிப் பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்கு, சில நிபந்தனைகளோடு முந்நூறில் ஒரு பங்கு, காற்றுத் துவாரம் விடவேண்டும் என்று விதியே உண்டு.

சென்னையில் நேர் எதிர். கடலோரக் காற்றின் பனிநிலை பல மாதங்களில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். உள்ளே ஏ.சி.யை 22-இல் வைக்கிறோம். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. ஏ.சி. அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 'காற்றோட்டத்துக்காக' துவாரம் விட்டால், ஈரத்தைக் கூப்பிட்டுக் குளிர்ந்த பலகையின் முதுகில் உட்கார வைத்தது போல. அங்கே துவாரத்தை அடைக்கவேண்டும். ஈரத்தடுப்பு வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உட்சுவரில் பிளாஸ்டிக் தாளோ வினைல் காகிதமோ ஒட்டினால் அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் வரும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். மழைக்காலத்தில்கூடப் பனிநிலை இருபதை ஒட்டித்தான். இங்கே ஏ.சி.யால் வருகிற தொந்தரவு குறைவு. மார்கழி இரவில் தகரத்தால் வருவதுதான் அதிகம். அதே சமயம் நம் ஊர் பழைய பெங்களூரும் அல்ல. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி தொட்டுவிட்டது. 'இங்கே எதுக்கு வெப்பத்தடுப்பு' என்று இனிச் சொல்ல முடியாது.

கான்கிரீட் தளத்துக்குக் கணக்கு

பெரும்பாலான நம் வீடுகள் ஆர்.சி.சி. தளம். ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு: ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, இத்தனை வாட். எண் குறையக் குறைய நல்லது. பாடநூல் அட்டவணைகளை வைத்து நான் போட்ட கணக்கு இது:

ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளம்: ஏறத்தாழ 3.3.
அதன் மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும்: 2.3.
ஓர் அங்குலம் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் கெட்டி நுரைப்பலகை: 0.9.
இரண்டு அங்குலம் அதே பலகை: 0.5.

குடியிருப்புகளுக்காக 2018-இல் வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற மத்திய அரசின் நெறிமுறை, கூரைக்கு 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஓர் அங்குலப் பலகை போட்டாலே அதற்குள் வந்துவிடுகிறோம். பலகையைத் தளத்துக்கு மேலே வைக்கவேண்டும். அப்போது கான்கிரீட் முழுவதும் நம் பக்கம், நிழலில் இருக்கும். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும். வரிசை இது: தளம், வாட்டச் சாந்து, நீர்த்தடுப்பு, நுரைப்பலகை, பிரிப்புத் துணி, மேலே கம்பி வலை வைத்த கான்கிரீட் அல்லது ஓடு. வாட்டம் குறைந்தது நூறடிக்கு ஓரடி. தண்ணீர் எங்கும் தேங்கக்கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சை ஈரத் தளத்தின் மேல் பூசினால் உள்ளே அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை தளம் நன்றாகக் காயும். வேலையை அப்போது வையுங்கள்.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்களுக்கு வெள்ளை. சுண்ணாம்போ, கூரைக்கென்று விற்கிற வெள்ளைப் பூச்சோ, வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நியூயார்க் நகரம் 2009-இல் இதை ஓர் இயக்கமாகவே தொடங்கியது. 2023-இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை அறிவித்தது. வருஷா வருஷம் தூசியைக் கழுவவேண்டும், அவ்வளவுதான்.

புதிதாகக் கட்டுபவர்கள், லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறைப்படி, கான்கிரீட்டுக்குள் மங்களூர் ஓட்டைப் பதித்துத் தளம் போடலாம். சிமெண்டும் குறையும், சூடும் கொஞ்சம் குறையும். பெங்களூரில் இதற்குப் பழகின கொத்தனார்கள் கிடைக்கிறார்கள்.

ஒழுக்கா, வேர்வையா?

யாரையும் குறை சொல்வதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

1. மழை பெய்து சில மணி நேரத்தில் வந்தால் ஒழுக்கு. மழையில்லாத விடியற்காலையில் வந்து, பத்து மணிக்குள் காய்ந்தால் வேர்வை.

2. ஒழுக்கு ஓரிடத்தில் தொடங்கிக் கறையாகப் பரவும். வேர்வை பரப்பெங்கும் ஒரே சீராக இருக்கும்.

3. கான்கிரீட் தளத்தின் அடியில் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம். தாளுக்கும் தளத்துக்கும் நடுவில் நனைந்தால் ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது.

4. அப்போதும் சந்தேகம் என்றால் மாடியில் வடிகுழாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் பாருங்கள்.

முடிவாக

என் கிடங்குக்கு 2015-இல் பழைய ஷீட்டை எடுத்துவிட்டு, இரண்டு தகட்டுக்கு நடுவே இரண்டு அங்குலம் நுரை வைத்து வருகிற பஃப் பலகை போட்டேன். நுரை தகட்டோடு ஒட்டியே இருப்பதால், ஈரக்காற்று குளிர்ந்த மேல்தகட்டைத் தொட வழியே இல்லை. இணைப்புகளை எல்லாம் அடைக்கச் செய்தேன். அதற்குப் பின் ஒரு மூட்டைகூட மேலிருந்து நனையவில்லை. ஓர் எச்சரிக்கை: இந்த நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். தீத்தடுப்பு தரம் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மின்கம்பியை அதற்குள் ஓட்டாதீர்கள்.

எங்கள் சமயத்தில் பூஞ்சணம் பிடித்த பண்டத்தை உண்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற உயிர்கள் அதில் இருக்கின்றன என்பார்கள். பூஞ்சணம் வந்தபின் மருந்தடித்து அழிப்பதைவிட, வராமலே ஈரத்தை நிறுத்துவது மேல். ஈரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அந்த வகையில் கொல்லாமையில் சேர்த்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தருமபுரித் தம்பியைத் தேடிக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று. ஒசூரில் வேலையாக இருந்தான். பதினெட்டாயிரத்தையும், இடையில் போன வருஷங்களுக்கு வட்டியையும் சேர்த்துக் கொடுத்து, "நீ சொன்னதுதான் சரி தம்பி, எனக்குத்தான் தெரியலை" என்றேன். எண்ணிப் பார்த்து, வட்டியை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினான். "இது வேணாம் மொதலாளி. அந்த வருஷம் மத்த ரெண்டு இடத்துல என்னைப் பத்தித் தப்பாச் சொன்னீங்களே, அங்க போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றான்.

இரண்டு இடத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வாசக அன்பர்கள் யாருடைய கூரையாவது இந்த மார்கழியில் வேர்த்தால், முதலில் அண்ணாந்து பாருங்கள், பிறகு வெப்பமானியைப் பாருங்கள். ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.